பழிக்கு விடை: தமிழ்க் கிறித்தவச் சமய உரையாடலில் வினாவகையும் விடைவகையும் (1579 – 1854)

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ நெறியைக் குறித்துத் தமிழ்ச் சூழலில் எழுந்த ஐயங்களுக்கும் மறுப்புகளுக்கும் விடையாக அமைந்த நூல்கள் பெரும்பாலும் ‘கண்டன இலக்கியம்’ என்ற பொதுப்பெயரால் தொகுத்து நோக்கப்படுகின்றன. அவற்றில் யார் வென்றார் என்பது ஆராயப்படுகின்றதே அன்றி, கேட்கப்பட்ட வினா எத்தகையது, கூறப்பட்ட விடை எத்தகையது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. நன்னூல் கூறும் அறுவகை வினாவையும் எண்வகை விடையையும் அளவுகோலாகக் கொண்டு, ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், தத்துவ போதகர், சீகன்பால்கு, வீரமாமுனிவர், ஆறுமுக நாவலர் ஆகியோர் தொடர்புடைய நூல்களை இக்கட்டுரை நோக்குகிறது. கேட்டவர் அறிவினாவாகக் கேட்டதை விடையிறுத்தவர் அறியாவினாவாக எடுத்துக்கொண்ட இடங்களிலேயே விடை தவறுகிறது என்பதும், அவ்விடங்களிலேயே கேட்டவரின் குரல் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: வினா, விடை, தூஷணம், மறைக்கல்வி, நன்னூல், தத்துவ போதகர், சீகன்பால்கு, ஆறுமுக நாவலர்.

முன்னுரை

தமிழில் சமயங்கள் ஒன்றையொன்று வினவியதும் மறுத்ததும் கிறித்தவத்தின் வருகையோடு தொடங்கியவை அல்ல. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை பல சமயத்தாரையும் வினவி அவரவர் கொள்கையைக் கேட்டறியும் அமைப்பை உடையது. குண்டலகேசிக்கு மறுப்பாக எழுந்தது நீலகேசி. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பிறர் கொள்கையைப் பரபக்கத்திலும் தம் கொள்கையைச் சுபக்கத்திலும் நிறுத்தியது. ஆகவே, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குருமார் தமிழில் எழுதத் தொடங்கியபோது, வினாவவும் மறுக்கவும் நன்கு பழகியிருந்த ஒரு மொழிக்குள்ளேயே நுழைந்தனர்.

இரு நூற்பெயர்கள் இங்குக் கருதத்தக்கவை. ஒன்று, தத்துவ போதகர் எனப்பட்ட இராபர்ட் தெ நொபிலியின் ‘தூஷண திக்காரம்’. இது கிறித்தவ நெறிமீது கூறப்பட்ட பழிகளை எடுத்து மறுப்பது. மற்றொன்று, ஆறுமுக நாவலர் 1854இல் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’. இது சைவத்தின்மீது கிறித்தவர் கூறிய பழிகளை எடுத்து மறுப்பது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் உள்ளன. எதிரெதிர்த் தரப்பில் நின்ற இருவரும் எதிர்த்தரப்பின் கூற்றுக்குத் ‘தூஷணம்’ என்ற ஒரே சொல்லையே தேர்ந்தனர். தூஷணம் என்பது பழிப்பு. எதிரில் நிற்பவர் கேட்பது வினாவா, பழிப்பா என்று முடிவு செய்யும் உரிமையை விடையிறுப்பவர் தம் கையில் எடுத்துக்கொள்வதை இச்சொல் காட்டுகிறது. இவ்வுரிமை எவ்வாறு கையாளப்பட்டது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல்.

அளவுகோல்: நன்னூலின் வினாவும் விடையும்

பவணந்தி முனிவர் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுக்கிறார். ஆசிரியர் மாணவனிடம் பொருள் கேட்பது அறிவினா. மாணவன் ஆசிரியரிடம் கேட்பது அறியாவினா. இரண்டிலும் சொற்றொடர் ஒன்றாகவே இருக்கலாம். வேறுபடுவது கேட்பவரின் நிலை. இப்பாகுபாட்டின் சிறப்பு இதுவே. இது சொற்றொடரின் வடிவை விடுத்து, கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் இடையேயுள்ள உறவை அளக்கிறது.

விடை எட்டு வகை: சுட்டு, மறை, நேர், ஏவல், எதிர்வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி. இவற்றுள் முதல் மூன்றும் நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாக அமைபவை. நேரே விடை கூறாவிடினும் விடையின் பொருளைத் தருவதால் விடையாகக் கொள்ளப்படுபவை.

சமய வாதத்தை அளக்கப் பரபக்கம், சுபக்கம் என்னும் தருக்கமரபு இருக்க, உலக வழக்கில் நிகழும் உரையாடலுக்குரிய இலக்கண விதியைக் கொள்வது பொருந்துமா என்று கேட்கலாம். தருக்கமரபு கொள்கைகளைப் பிரிக்கிறது. கொள்கையைச் சொல்பவர் யார், எந்நிலையில் நின்று கேட்கிறார் என்பது அதற்கு இன்றியமையாததன்று. ஆனால் இங்கு ஆராயப்படும் நூல்களில் எதிர்த்தரப்பார் பெரும்பாலும் பெயரில்லாதவர்கள். கடைத்தெருவிலும் சத்திரத்திலும் கோயில் வாயிலிலும் கேட்டவர்கள். அவர்களை மீட்டெடுக்க, கேட்பவரைக் கருதும் பாகுபாடே துணைசெய்யும்.

மனப்பாட வினா: 1579

தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்தது ‘கிரீசித்தியானி வணக்கம்’. இரண்டும் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் தமிழில் ஆக்கியவை. பின்னதன் மூலம் மார்க்கோஸ் ஜோர்ஜ் போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய மறைக்கல்வி நூல். ஆசிரியரும் மாணவரும் உரையாடும் அமைப்பினது அது.

இவ்வமைப்பில் வினா முழுவதும் அறிவினாவே. கேட்பவருக்கு விடை முன்பே தெரியும்; கேட்கப்படுபவருக்கும் அது மனப்பாடம். வினாவும் விடையும் ஒருவரே எழுதியவை. அரபு, போர்த்துக்கீசிய வணிகப் போட்டிக்கு இடையே கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றிருந்த கடற்கரை மக்களுக்கு, தாம் ஏற்ற நெறி இன்னதெனச் சொல்லத் தெரியவேண்டும் என்பதே அன்றைய தேவை. அத்தேவைக்கு இவ்வமைப்புப் போதுமானது. ஆனால், ‘ஏன்’ என்று புறத்தேயிருந்து கேட்பவருக்கு இதில் இடமில்லை. கடவுள் எத்தனை பேர் என்னும் வினாவுக்கு இந்நூல் வழிவந்தவர் விடை கூறிவிடுவார். ஒருவராயின் மூவர் எனக் கூறுவது எவ்வாறு பொருந்தும் என்று அடுத்து எழும் தடைக்கு மனப்பாடம் உதவாது.

இவ்வினாவிடை அமைப்பு பின்னர்த் தமிழ்ச் சமயக் கல்வியிலேயே நிலைபெற்றது. நாவலர் சைவச் சிறாருக்கென ‘சைவ வினாவிடை’ எழுதியபோது கையாண்டதும் இதுவே. வாதத்தில் எதிர்த்தரப்பின் கொள்கையை மறுத்தவர், கல்வியில் அத்தரப்பு பரவலாகக் கையாண்ட வடிவத்தை ஏற்றார். அறிவினா எத்தரப்புக்கும் பயன்படும் கருவி என்பதற்கு இது சான்று.

மறை விடையும் அதன் எல்லையும்: மதுரை

நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தபோது எதிர்கொண்ட முதல் தடை கொள்கை பற்றியதன்று. மதம் மாற விரும்புவோரிடம் அக்காலத்தில் கேட்கப்பட்ட வினாவே அத்தடையை உண்டாக்கியிருந்தது. கிறித்தவராக விரும்புகிறாயா என்பதற்கு ஈடாக, பரங்கிக் குலத்தில் சேர விரும்புகிறாயா என்னும் பொருள்படத் தமிழில் கேட்கப்பட்டு வந்தது. நெறியைப் பற்றிய வினா குலத்தைப் பற்றிய வினாவாக மாறிய இடம் இது. போர்த்துக்கீசியரையும் அவர் வழி வந்தோரையும் குறித்த ‘பரங்கி’ என்ற சொல் மதுரையில் இழிவுப்பொருள் ஏற்றிருந்தது. ஆகவே, இது பரங்கி மார்க்கம் என்பதே கிறித்தவத்தின்மீது கூறப்பட்ட முதற்பழியாயிற்று.

இதற்கு நொபிலி கூறியது மறை விடை. தாம் பரங்கி அல்லர் என்றும், உரோமாபுரியில் உயர்குடியில் பிறந்தவர் என்றும் எழுதி மதுரையில் அறிவித்தார். உடை, உணவு, உறைவிடம் அனைத்தையும் அவ்விடைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். பூணூல், குடுமி முதலியவற்றைப் புதிய கிறித்தவர் வைத்துக்கொள்ளலாமா என்னும் பூசல் கோவாவரை சென்று உரோமையை எட்டியது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவற்றைச் சில வரையறைகளோடு ஒப்பினார்.

மறை விடை தெளிவானது, நேரடியானது. எனினும் அது வினாவின் முற்கோளை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. ‘நான் பரங்கி அல்லேன்’ என்பதில், பரங்கியாக இருப்பது இழிவே என்னும் கருத்து மறுக்கப்படவில்லை. குலத்தால் நெறியை அளப்பது தகாது என்று கூறியிருப்பின் அது வேறொரு விடை. அவ்விடை கூறப்படாமையால் நேர்ந்த விளைவு, கடற்கரைக் கிறித்தவரும் மதுரைக் கிறித்தவரும் ஒரே மறையினராயினும் ஒருவரோடொருவர் பழகாத இரு திருச்சபைப் பிரிவினர்போல் வாழ்ந்தமை. உயர்குலத்தோருக்கும் ஏனையோருக்கும் தனித்தனிக் குருமார் அமையவேண்டிய நிலை பின்னர் ஏற்பட்டதும் இதன் தொடர்ச்சியே.

கொள்கை வினாக்களில் நொபிலியின் விடை வேறுவகையாகச் செறிவுடையது. பிறவியிலேயே ஒருவர் கண்ணிழந்தும் ஒருவர் செல்வராயும் பிறப்பது ஏன் என்பது வினைக்கொள்கையாளர் எழுப்பும் வலிய தடை. முற்பிறவி வினை என்பது அவர்தம் விடை. முற்பிறவியை மறுக்கும் கிறித்தவர் கடவுளை நடுநிலை அற்றவராக ஆக்கவில்லையா என்பது வினா. ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்று ஒரு தனிநூலே இதற்காக எழுந்தது. நினைவில்லாத குற்றத்திற்குத் தண்டனை பெறுபவர் அதனால் திருந்துவது எங்ஙனம் என்பது மறுபிறப்புக்கு எதிராகக் கிறித்தவர் வழக்கமாக முன்வைக்கும் காரணம். இது வினைக்கொள்கையின் ஒரு முடிச்சைத் தொடுவது உண்மை. ஆயின், கண்ணிழந்து பிறந்த குழவியின் துன்பத்துக்குக் காரணம் யாது என்ற முதல்வினா அப்படியே நிற்கிறது. எதிர்க்கொள்கையின் குறையைக் காட்டுவது எதிர்வினாதல் என்னும் குறிப்புவிடை. அது சுட்டு விடை ஆகாது. இவ்வேறுபாட்டை ஆய்வாளர் கருதாவிடின், மறுப்பு முடிந்த இடத்தில் விடையும் கிடைத்துவிட்டதாகக் கொள்ள நேரும்.

உள்ளிருந்து எழுந்த தடை

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தடை மற்றொரு திசையிலிருந்து வந்தது. தரங்கம்பாடி லுத்தரன் சபையார், புனிதர் வணக்கம், சுரூபங்கள் முதலியவற்றைக் குறித்துக் கத்தோலிக்கரை வினவினர். வீரமாமுனிவர் ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ ஆகியவற்றால் மறுமொழி தந்தார். இவ்விரு தரப்பாருக்கும் மறைநூல் பொது. எது சான்று என்பதில் பெரும்பகுதி உடன்பாடு உண்டு. கடவுளுக்கே உரிய வழிபாடு வேறு, புனிதருக்குச் செய்யும் வணக்கம் வேறு என்னும் கத்தோலிக்க மரபின் பாகுபாடு இவ்வினாவுக்குச் சுட்டு விடையாகவே அமைகிறது. ஏற்பதும் மறுப்பதும் வேறு. வினாவும் விடையும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பொதுச்சான்று இருக்குமிடத்து நேரடி விடை இயல்வதாகிறது என்பது இதனால் பெறப்படும்.

அறியாமை யாருடையது: தரங்கம்பாடி

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, 1713இல் அச்சிட்ட சிறுநூலின் பெயர் ‘அக்கியானம்’. நொபிலிக்கும் ‘அஞ்ஞான நிவாரணம்’ என்றொரு நூல் உண்டு. கிறித்தவர் அல்லாதாரின் நெறி அனைத்தையும் அறியாமை என ஒரே சொல்லால் பெயரிட்டபின், அந்நெறியில் நிற்பவர் எதைக் கேட்டாலும் அது அறியாவினாவாகவே கொள்ளப்படும். கேட்பவர் அறிந்தே கேட்கிறார், சோதித்துக் கேட்கிறார் என்னும் எண்ணத்திற்கு அப்பெயரிடலில் இடமில்லை.

ஆயினும் அதே சீகன்பால்குதான் தமிழ் மறுப்புரை வரலாற்றில் அரிய ஒன்றைச் செய்தார். 1712 முதல் 1714 வரை, அவரும் குருண்ட்லரும் தமிழர் பலருக்கு வினாக்களை எழுதியனுப்பி விடைக்கடிதங்களைப் பெற்றனர். அவற்றுள் 99 கடிதங்கள் செருமானிய மொழியில் ஹாலே நகரில் அச்சாயின. இங்கு அறியாவினா கேட்பவர் குருவே. உங்கள் வழிபாடு எத்தகையது, உங்கள் திருமணமுறை யாது, எங்கள் நெறியை நீங்கள் எவ்வாறு கருதுகிறீர்கள் எனக் கேட்கப்பட்டபோது, தமிழர் விடையிறுப்பவராயினர்.

அவர்கள் கூறிய விடைகளில் கொள்கை மறுப்பைவிட ஒழுக்க மறுப்பு அழுத்தம் பெறுகிறது. கிறித்தவர் பசுவைக் கொன்று தின்கின்றனர், மது அருந்துகின்றனர், நீராடித் தூய்மை பேணுவதில்லை. இவ்வாறு வாழ்வோரின் நெறி உயர்ந்தது என நாங்கள் எவ்வாறு கொள்வது என்பதே அவர்தம் கூற்றின் சாரம். இது வடிவில் வினா. நன்னூல் நெறியில் நோக்கின் அறிவினா. கேட்பவர் விடை அறியாதவர் அல்லர். நெறிக்கும் வாழ்வுக்கும் உள்ள தொடர்பைத் தாம் முன்பே முடிவு செய்துகொண்டு, எதிரிலிருப்பவரை அதனால் அளக்கிறார்.

இதற்கு இருவகை விடை இயலும். உணவும் உடற்தூய்மையும் நெறியின் பகுதி அல்ல என்று விளக்குவது ஒன்று. இது கேட்டவரின் அறியாமையை நீக்கும் விடை. அவர் கேட்டதோ அறிவினா. ஆதலால் அவ்விளக்கம் எத்துணை நீளினும் அவரைச் சென்று சேர்வதில்லை. கூறப்பட்ட குறை மெய்யே என உடன்படுவது மற்றொன்று. இதுவே நேர் விடை. சீகன்பால்கு, பெயரளவில் கிறித்தவராகிய ஐரோப்பியரின் தீயொழுக்கத்தை மறைக்காமல் கண்டித்தவர். மெய்க்கிறித்தவர் வேறு, பெயர்க்கிறித்தவர் வேறு எனப் பிரித்தவர். அவர் சார்ந்திருந்த பக்திமை இயக்கத்தின் மையக் கருத்தும் அதுவே. எனவே இவ்வோரிடத்தில் விடை வினாவை ஓரளவு சந்தித்தது எனலாம். ஒப்புக்கொண்டு கூறும் விடை தோல்வியாகத் தோன்றினும், கேட்பவரை அறிவுடையவராக மதித்த விடை அதுவே.

இக்கடிதங்களைப் பயன்படுத்துவதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. தமிழ் மூலங்கள் நம் கைக்கு வரவில்லை. தமிழரின் மறுப்பு, செருமானிய மொழிபெயர்ப்பிலும் மொழிபெயர்த்தோர் சேர்த்த குறிப்புகளுக்கு இடையிலுமே கிடைக்கிறது. ஒரு சொல் தமிழில் எவ்வாறு இருந்தது என்பதைக் கொண்டு வாதிடல் இங்குப் பொருந்தாது. ஆனால், மொழிபெயர்த்தவருக்கே உவப்பற்ற கூற்றுகள், அவர் குறிப்பெழுதி மறுக்க வேண்டியிருந்த கூற்றுகள், அவர் தாமாக உருவாக்கியவை ஆகா என்று கொள்வது தகும். மறுப்புக்குறிப்பு இருக்கும் இடமே மூலக்குரலுக்குச் சான்றாகிறது.

எதிர்வினாதல்: யாழ்ப்பாணம்

19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் அச்சுக்கூடமும் பள்ளியும் கிறித்தவச் சபைகளின் கையில் இருந்தன. 1841இல் அமெரிக்க மிசனரிமார் ‘உதயதாரகை’ இதழைத் தொடங்கினர். வெசுலியன் பாதிரியாராகிய பேர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைபுரிந்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஆறாண்டுகள் கழித்து வெளிவந்தது ‘சைவதூஷண பரிகாரம்’.

கோயில், திருவுருவம், விளக்கு, தூபம், நீராட்டு, திருநீறு ஆகியவை பயனற்ற புறச்சடங்குகள் என்பது பாதிரிமார் கூற்று. நாவலர் இதற்கு எதிர்வினாதலால் விடை கூறுகிறார். பழைய ஏற்பாட்டில் ஆசாரிப்புக் கூடாரமும் உடன்படிக்கைப் பெட்டியும் தூபபீடமும் விளக்குத்தண்டும் ஆசாரியர்க்குரிய உடையும் சுத்திகரிப்புச் சடங்குகளும் கடவுளாலேயே விதிக்கப்பட்டுள்ளன அல்லவா? அவை தகுமெனில் இவை தகாமை ஏன்? மொழிபெயர்ப்புப் பணியால் விவிலியத்தைச் சொல்சொல்லாக அறிந்தவர் ஆதலின், எதிர்த்தரப்பின் மறைநூலையே பொதுச்சான்றாக்கினார். வீரமாமுனிவர் வாதத்தில் இயல்பாக அமைந்திருந்த பொதுச்சான்றை நாவலர் தாமே உண்டாக்கிக்கொண்டார் என்பது இங்குக் கருதத்தக்கது.

பழைய விதிகள் கிறித்துவின் பலியால் நிறைவெய்தி நீங்கின என்பது கிறித்தவரின் விடை. அது கிறித்தவ இறையியலுக்குள் முரணற்றது. எனினும், சடங்கு என்பது தன்னிலேயே மடமை என்ற தொடக்கக் கூற்றை அது காப்பாற்றாது. கடவுள் ஒருகாலத்தில் விதித்ததாயின் அது தன்னிலேயே மடமை ஆகாது. ஆகவே, தூஷணம் கொள்கை வேறுபாடாகச் சுருங்குகிறது. பழிப்பை வினாவாக மாற்றியமைப்பதே இவ்வெதிர்வினாவின் பயன். நாவலருடைய வினாவை எவரும் அறியாவினா எனத் தள்ளிவிட முடியாது. விவிலியத்தைத் தமிழாக்கியவர்களுள் ஒருவரே அதனைக் கேட்கிறார்.

தொகுப்புரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும்.

1. தமிழ்க் கிறித்தவ மறுப்பு நூல்களில் வினா ஒரே வகையினதன்று. மறைக்கல்வியில் அறிவினாவாகத் தொடங்கியது, மதுரையிலும் தரங்கம்பாடியிலும் புறத்தார் கேட்கும் அறிவினாவை எதிர்கொண்டது. அதனை அறியாவினாவாகக் கொள்ளும் போக்குக்கு ‘அஞ்ஞானம்’ என்னும் கலைச்சொல் துணைநின்றது.

2. கொள்கை வினாவுக்குப் பொதுச்சான்று உள்ளவிடத்து நேரடி விடை இயன்றது. பொதுச்சான்று இல்லாதவிடத்து எதிர்க்கொள்கையின் குறையைக் காட்டும் குறிப்புவிடையே கிடைத்தது. குறிப்புவிடையும் விடையே, ஆயின் அது எவ்வளவைத் தந்தது, எவ்வளவைத் தரவில்லை என அளந்து கூறல் ஆய்வாளர் கடன்.

3. குலம், ஒழுக்கம் ஆகியன பற்றிய தடைகளே விடையிறுத்தோரை மிகுதியும் இடர்ப்படுத்தின. இவற்றுக்குக் கொள்கை விளக்கம் விடையாகவில்லை. மறை விடை பழியின் முற்கோளை ஏற்றது. நேர் விடையே கேட்டவரை மதித்தது.

4. நூல்களைத் தரப்புவாரியாகப் பகுத்து வெற்றி தோல்வி கூறும் முறை, பெயரறியப்படாத வினாவினரை மீண்டும் ஒருமுறை மறையச் செய்கிறது. விடையின் வகையிலிருந்து பின்னோக்கிச் சென்று வினாவின் வகையை உய்த்துணர்ந்தால், கடைத்தெருவில் நின்று கேட்ட தமிழரின் அறிவுநிலை புலப்படும்.

இம்முறையைத் தத்துவ போதகரின் உரைநடை நூல்கள் அனைத்திலும், 19ஆம் நூற்றாண்டுத் துண்டுப் பிரசுரங்களிலும், அவற்றுக்கு எதிராக முத்துக்குமார கவிராயர் முதலியோர் எழுதிய நூல்களிலும் விரித்து நோக்கலாம். ‘ஆட்சேபம்’, ‘நிவாரணம்’, ‘திக்காரம்’, ‘பரிகாரம்’, ‘கண்டனம்’ என நூற்பெயர்கள் தாமே விடைவகையை அறிவிக்கின்றன. அப்பெயர்களைத் தொகுத்து ஒப்பிடுவது இவ்வாய்வின் அடுத்த படியாக அமையும்.